"எனக்காக ஜெபியுங்கள்" என்றால் என்ன? மன்றாட்டு ஜெபம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் உள்ள எங்கள் தமிழ்ச் சபையின் ஜெபக் குறிப்பேடு பதினோரு ஆண்டுகளாக என் கைப்பையில் இருக்கிறது. ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர்க் கோப்பையோடு நிற்கும்போது யாராவது வந்து ஒரு பெயரைச் சொல்வார்கள், நான் எழுதிக்கொள்வேன். பெயரோடு ஒரு சந்தேகத்தையும் கேட்டுவிட்டுத்தான் நகர்வார்கள். புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களும் கேட்பார்கள், மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர்களாக இருப்பவர்களும் கேட்பார்கள். கேள்விகள் மாறுவதே இல்லை. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

நான் இறையியல் படித்தவள் அல்ல. பகலில் கணக்கெழுதும் வேலை. எங்கள் போதகர் இதை ஒருமுறை படித்துப் பார்த்தார். இரண்டு இடங்களில் முகம் சுளித்தார். ஓர் இடத்தை மட்டும் மாற்றினேன்.

மன்றாட்டு, பரிந்துபேசுதல், திறப்பில் நிற்பது என்று மூன்று விதமாகச் சொல்கிறார்கள். மூன்றும் வேறு வேறா?

ஒன்றுதான். இன்னொருவருடைய தேவையை எடுத்துக்கொண்டு கடவுளிடம் போவது. கத்தோலிக்கர் மன்றாட்டு என்பார்கள். திருப்பலியில் "விசுவாசிகள் மன்றாட்டு" என்றே ஒரு பகுதி உண்டு. மற்றச் சபைகளில் பரிந்துபேசுதல், வேண்டுதல், விண்ணப்பம் என்ற சொற்கள் புழங்குகின்றன. பெந்தெகொஸ்தே சபைக்குப் போனால் "திறப்பின் வாசலில் நிற்கிறோம்" என்பார்கள்.

இந்தத் திறப்பு எசேக்கியேல் 22:30இலிருந்து வருகிறது. தேசத்தை அழிக்காதபடிக்குத் திறப்பிலே நிற்க ஒரு மனிதனைத் தேடினேன், ஒருவனையும் காணவில்லை என்று கடவுள் சொல்லும் இடம். பலர் இதைத் திறந்த வாசல், ஆசீர்வாதம் வரும் வழி என்று எண்ணிப் பாடுகிறார்கள். அது வாசலே அல்ல. முற்றுகையில் கோட்டைச் சுவர் இடிந்து விழுந்த இடம், எதிரி உள்ளே நுழையும் ஓட்டை. ஏரிக்கரை உடைத்துக்கொண்டால் மண்மூட்டை வரும்வரை நாலு பேர் இறங்கி நிற்பார்களே, அந்த நிற்பு. 106ஆம் சங்கீதம் மோசேயைப் பற்றிப் பேசும்போதும் அவர் திறப்பிலே நின்றார் என்றுதான் சொல்கிறது. இதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் intercession என்ற சொல்லுக்கு மூலமான லத்தீன் சொல்லுக்கும் "இடையே போதல்" என்பதே பொருள்.

கடவுளுக்கு எல்லாம் தெரியுமே அக்கா. நாம் போய்ச் சொல்லித்தான் அவருக்குத் தெரியவேண்டுமா?

வேண்டியதில்லை. நீங்கள் கேட்பதற்கு முன்பே உங்களுக்கு என்ன தேவை என்று பிதா அறிந்திருக்கிறார் என்று இயேசுவே மத்தேயு 6:8இல் சொல்கிறார். ஆனால் அதற்கு அடுத்த வசனத்தில், ஆகவே ஜெபிக்காதீர்கள் என்று சொல்லவில்லை, ஜெபிக்கக் கற்றுக்கொடுக்கிறார். அந்தக் கர்த்தருடைய ஜெபத்தை ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். எங்கள் பிதாவே, எங்களுக்குத் தாரும், எங்களுக்கு மன்னியும், எங்களை இரட்சித்துக்கொள்ளும். "என்", "எனக்கு" என்ற சொல் ஒருமுறைகூட வராது. தனியறையில் கதவைப் பூட்டிக்கொண்டு சொன்னாலும் அது ஊருக்காகச் சொல்லும் ஜெபம்தான்.

பெரியவர்களும் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் சொன்னது இது: கடவுளின் தீர்மானத்தை மாற்றுவதற்காக நாம் ஜெபிப்பதில்லை; ஜெபத்தின் வழியாகத் தருவதென்று அவர் தீர்மானித்ததைப் பெறவே ஜெபிக்கிறோம். அழகான விடைதான். ஆனால் யாத்திராகமம் 32ஐப் படித்தால் அது அவ்வளவு சுத்தமாக அடங்கவில்லை. அங்கே மோசே வாதாடுகிறார், கடவுள் செய்ய நினைத்த தீங்கைச் செய்யாமல் பரிதாபங்கொண்டார் என்று எழுதியிருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் நான் ஜெபிக்கிறேன்.

அப்படியானால் இது சிபாரிசுதானே? தெரிந்த ஆளைப் பிடித்துக் காரியம் முடிப்பது போல?

கேட்டவர் ஊரில் ஒரு தாலுகா அலுவலகத்துக்கு நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தவர். அவரைக் குறை சொல்லமாட்டேன். நம் மனத்தில் இந்தப் படம் ஆழமாக இருக்கிறது: மேலே ஓர் அதிகாரி, இரங்காதவர், நடுவில் செல்வாக்குள்ள ஒருவர், கீழே நாம். பவுல் 1 தீமோத்தேயு 2:1இல் வேண்டுதல் என்பதற்கு எழுதிய கிரேக்கச் சொல்கூட அக்காலத்தில் அரசனிடம் கொடுக்கும் மனுவைக் குறித்த சொல்தான்.

ஆனாலும் வேறுபாடு இருக்கிறது, பெரிய வேறுபாடு. சிபாரிசு செய்கிறவருக்கு எந்த நஷ்டமும் இல்லை. ஒரு கடிதம், ஒரு தொலைபேசி அழைப்பு, அவ்வளவுதான். வேதத்தில் பரிந்துபேசுகிறவர்கள் தங்களையே உள்ளே வைக்கிறார்கள். இஸ்ரவேல் ஜனங்கள் பொன் கன்றுக்குட்டியை வணங்கிய விவகாரத்தில் மோசே, இவர்களை மன்னியும், இல்லாவிட்டால் "நீர் எழுதின உம்முடைய புஸ்தகத்திலிருந்து என் பேரைக் கிறுக்கிப்போடும்" என்கிறார். பவுல் பிலேமோனுக்கு எழுதுவது ஒரே அதிகாரம் உள்ள சின்னக் கடிதம். எஜமானாகிய பிலேமோனை விட்டு ஓடிப்போன ஒநேசிமு என்ற அடிமைக்காக எழுதுகிறார். அவன் உமக்கு ஏதாவது கடன்பட்டிருந்தால், "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்கிறார்.

கணக்கெழுதிப் பிழைக்கிறவள் என்பதால் அந்த வரி எனக்கு உறைக்கிறது. பற்றுப் பக்கத்தில் இருக்கும் தொகையை யாராவது தன் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டால் ஒழிய அது மறையாது. பிலேமோன் கடிதத்தை ஒரே மூச்சில் படியுங்கள், பத்து நிமிடம்கூட ஆகாது. அதைப் படித்தபின் இந்தப் பக்கத்தின் மீதியைப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை.

"மத்தியஸ்தர் ஒருவரே" என்று வேதம் சொல்கிறதே. நாம் இடையில் போய் நிற்பது தவறாகாதா?

அந்த வசனம் 1 தீமோத்தேயு 2:5. அதற்கு நாலு வசனம் முன்னால்தான் எல்லா மனுஷருக்காகவும் வேண்டுதல் செய்யுங்கள் என்று பவுல் எழுதியிருக்கிறார். ஆக இரண்டும் முட்டிக்கொள்ளவில்லை. கடவுளுக்கும் மனிதருக்கும் நடுவில் சமாதானம் உண்டாக்கியவர் கிறிஸ்து ஒருவரே. அது நம்மால் ஆகாத வேலை. அவர் எப்பொழுதும் உயிரோடிருந்து நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று எபிரெயர் 7:25 சொல்கிறது. ரோமர் 8ஆம் அதிகாரத்தில் ஆவியானவரும் வேண்டுகிறார், கிறிஸ்துவும் வேண்டுகிறார். ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஜெபத்தில் நாமும் போய்ச் சேர்ந்துகொள்கிறோம். பாட்டு நடுவில் இருக்கும்போது பின்வரிசையில் வந்து நின்று பல்லவியைப் பிடித்துக்கொள்வதில்லையா?

கத்தோலிக்கர் மாதாவிடம் ஜெபிக்கிறார்களே, அது சரியா? என் மாமியார் வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்திருக்கிறார்.

இந்தக் கேள்வியை வைத்துக் குடும்பத்தில் சண்டை போடாதீர்கள். என் நாத்தனார் ஆஃபிர் ரோட்டில் இருக்கும் லூர்து மாதா ஆலயத்துக்குப் போகிறவர். 1888இல் கட்டி முடிக்கப்பட்டு, இங்கிருந்த தமிழ்க் கத்தோலிக்கருக்கு வீடாக இருந்த ஆலயம் அது. அவரிடம் கேட்டேன். "நீங்கள் போதகரிடம் எனக்காக ஜெபியுங்கள் என்று கேட்பதில்லையா? நான் மாதாவிடம் கேட்கிறேன்" என்றார். "பாவிகளாகிய எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்பதுதான் அந்த ஜெபத்தின் வார்த்தை. தாரும் என்று அல்ல, வேண்டிக்கொள்ளும் என்று. கடவுளுக்கு உரிய ஆராதனை வேறு, புனிதருக்குத் தரும் வணக்கம் வேறு என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை. புனிதரின் பரிந்துரையை நாடுவது நல்லது, பயனுள்ளது என்று 1563இல் திரெந்து சங்கம் என்ற கத்தோலிக்க ஆயர்களின் பொதுச்சங்கம் உறுதிசெய்தது.

சீர்திருத்தச் சபைகள் இதை ஏற்கவில்லை. இறந்த பரிசுத்தவான்களிடம் பேசும்படி வேதத்தில் கட்டளையும் இல்லை, முன்மாதிரியும் இல்லை என்பது எங்கள் பக்கத்து வாதம். ஆங்கிலிக்கன் சபையின் 39 விதிகளில் 22ஆவது இதை வெளிப்படையாகவே மறுக்கிறது. நான் அந்தப் பக்கத்துக்காரிதான். ஆனால் கத்தோலிக்கர் என்ன சொல்கிறார்கள் என்று தெரியாமல் விக்கிரக ஆராதனை என்று முத்திரை குத்துவது சோம்பேறித்தனம்.

போதகர் ஜெபித்தால்தான் பலிக்குமா? வரம் பெற்ற ஊழியக்காரர் ஒருவர் ஜோகூருக்கு வருகிறார், அவரிடம் கூட்டிப்போகலாமா?

போகலாம், ஜெபத்துக்குப் போகலாம். நீதிமான் செய்யும் ஊக்கமான வேண்டுதல் மிகவும் பெலனுள்ளது என்று யாக்கோபு எழுதிவிட்டு, உதாரணத்துக்கு எலியாவை எடுக்கிறார். உடனே என்ன சொல்கிறார் என்று பாருங்கள்: எலியா நம்மைப் போலப் பாடுள்ள மனுஷன். அதே அதிகாரத்தில், ஒருவருக்காக ஒருவர் ஜெபியுங்கள் என்று எல்லாரையும் பார்த்துத்தான் சொல்கிறார். பவுலைவிடப் பெரிய ஊழியக்காரர் யார்? அவர் எபேசு, கொலோசெ, ரோமாபுரி என்று பல சபைகளிடமும் எனக்காக ஜெபியுங்கள் என்று கேட்டு எழுதுகிறார். அங்கே கேட்டுக்கொண்டிருந்தவர்களில் அடிமைகளும் இருந்தார்கள்.

ஜெபத்துக்குக் கட்டணம் சொல்கிறவர் வீட்டுப் பக்கம் போகாதீர்கள். உறையில் வைத்துக் கொடுக்கும் "விதைக் காணிக்கை"க்கும் இதே விடைதான்.

அதிகம் பேர் ஜெபித்தால் சீக்கிரம் கேட்கப்படுமா? வாட்ஸ்அப் குழுவில் போட்டால் ஐந்நூறு பேர் ஜெபிப்பார்களே?

ஐந்நூறு பேர் கைகூப்பும் சின்னத்தை அழுத்துவார்கள். எத்தனை பேர் ஜெபிப்பார்கள் என்பது வேறு கணக்கு. அதிக வார்த்தையால் கேட்கப்படும் என்று எண்ணாதீர்கள் என்று இயேசு சொன்னது அதிகத் தலைகளுக்கும் பொருந்தும். சோதோமுக்காக ஆபிரகாம் ஒருவரே நின்றார். ஐம்பது நீதிமான்கள் இருந்தால் விடுவீரா என்று தொடங்கி, நாற்பத்தைந்து, நாற்பது, முப்பது, இருபது, பத்து என்று இறங்கியது அவர் ஒருவரின் குரல்தான்.

பின்னே எதற்குச் சபையாகச் சேர்ந்து ஜெபிக்கச் சொல்கிறது? கேட்கிறவருக்காக, ஜெபிக்கிறவருக்காக. தனியாகப் படுத்திருக்கும் ஒருவருக்குத் தன் பெயர் இருபது வீடுகளில் சொல்லப்படுகிறது என்று தெரிவது சின்னக் காரியமா?

பக்கத்து வீட்டு அம்மா இந்து. உடம்பு சரியில்லை. அவருக்காக ஜெபிக்கலாமா? அவரிடம் சொல்லவேண்டுமா?

உங்கள் வீட்டில் இருந்து அவருக்காக ஜெபிக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. எல்லா மனுஷருக்காகவும் என்றுதான் கட்டளை. ஆனால் அவர் வீட்டுக்குப் போய், அல்லது மருத்துவமனையில் அவர் கட்டிலருகே நின்று ஜெபிப்பது வேறு. கேளுங்கள். "உங்களுக்காக ஜெபிக்கட்டுமா?" என்று ஒரே ஒரு முறை, மெதுவாக. வேண்டாம் என்றாலோ, பதில் சொல்லாமல் சிரித்தாலோ விட்டுவிடுங்கள். வேண்டாம் என்பதைச் சிரிப்பாகச் சொல்கிறவர்கள் நம்மில் அதிகம். மயக்கத்தில் இருப்பவர் தலையில் கைவைத்து உரக்க ஜெபித்துவிட்டு வந்து அதைச் சாட்சியாகச் சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். அந்தக் குடும்பம் இன்றுவரை எங்களோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஒரே புளோக்கில், ஒரே மின்தூக்கியில் நாலு மதத்தவர் ஏறி இறங்கும் ஊர் இது. 1990இல் நாடாளுமன்றம் சமய நல்லிணக்கத்துக்கென்று ஒரு சட்டமே நிறைவேற்றியது. ஆனால் அந்தச் சட்டத்துக்குப் பயந்து அல்ல, அந்த அம்மா நோயில் படுத்திருக்கிறார் என்பதற்காகக் கேளுங்கள். அவரும் தம் பூஜையறையில் உங்கள் பிள்ளைக்காக விளக்கேற்றியிருப்பார், விசாரித்துப் பாருங்கள்.

எனக்குத் தீங்கு செய்த முதலாளிக்காகவும் ஜெபிக்கவேண்டுமா?

மத்தேயு 5:44 அதைத்தான் சொல்கிறது. இயேசு சிலுவையில் செய்தார், ஸ்தேவான் கல்லடி படும்போது செய்தார். ஆனால் கேட்டவருக்குப் பல மாதச் சம்பளம் பாக்கி. ஜெபிப்பதால் புகார் கொடுக்கக்கூடாது என்று ஆகாது. மனிதவள அமைச்சுக்குப் போங்கள், ஜெபமும் செய்யுங்கள். முதலில் பல்லைக் கடித்துக்கொண்டுதான் வரும். அவர் பெயரைச் சொல்லி நிறுத்திக்கொண்டால்கூட அன்றைக்கு அது போதும்.

என்ன சொல்லி ஜெபிப்பதென்றே தெரியவில்லை. வார்த்தை வரமாட்டேன் என்கிறது.

பெயரைச் சொல்லுங்கள். அவர் முகத்தை நினையுங்கள். ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26 சொல்கிறது. பெருமூச்சுக்கு இலக்கணம் கிடையாது.

கடவுளுக்கு மருத்துவ ஆலோசனை சொல்லத் தேவையில்லை. கட்டி எத்தனை சென்டிமீட்டர், எந்த மாத்திரை என்று ஜெபத்திலேயே அறிக்கை வாசிக்கிறவர்கள் உண்டு. கானாவூர்க் கல்யாணத்தில் இயேசுவிடம் மரியாள் எவ்வளவு சொன்னார்? திராட்சரசம் இல்லை என்றார், அவ்வளவுதான்.

ஜெபக் குறிப்பில் எவ்வளவு விவரம் கொடுக்கலாம்? எல்லாம் சொன்னால்தானே பாரத்தோடு ஜெபிக்க முடியும்?

முந்தின விடையைப் பாருங்கள். கடவுளுக்கு விவரம் வேண்டாம் என்றால், விவரம் யாருக்கு வேண்டும்? நமக்குத்தான். "இன்னாருடைய மகள் ஒரு பையனோடு பழகுகிறாளாம், ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்பது ஜெபக் குறிப்பின் உடுப்புப் போட்ட வம்பு. இது எங்கள் குழுவிலேயே நடந்தது. அந்தப் பெண் ஒரு மாதத்துக்குப் பிறகு சபைக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். அந்தக் குறிப்பை எழுதி அனுப்பியவள் நான்.

அதன்பிறகு மூன்று வழக்கங்களை வைத்துக்கொண்டேன். சம்பந்தப்பட்டவர் சொல்லாமல் பெயர் எழுதுவதில்லை. நோய், கடன், குடும்பப் பிரச்சினை எதற்கும் விவரம் பகிர்வதில்லை. "ஒரு சகோதரிக்காக" என்றால் போதும். பழைய பக்கங்களை ஆண்டு முடிவில் கிழித்துப் போட்டுவிடுகிறேன்.

பிள்ளையின் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு, வீவக என்னும் அரசாங்க அடுக்குமாடி வீட்டுக் குலுக்கல், 4டி லாட்டரி. இதற்கெல்லாம் ஜெபிக்கலாமா?

தேர்வுக்கு ஜெபிக்கலாம், பிள்ளை பயப்படாமல் இருக்க ஜெபிப்பது இன்னும் நல்லது. வீட்டுக்கும் ஜெபிக்கலாம், உங்களுக்குக் கிடைத்தால் இன்னொரு குடும்பத்துக்குக் கிடைக்கவில்லை என்ற நினைவோடு. 4டிக்கு நான் குறிப்பேட்டைத் திறக்கமாட்டேன்.

ஜெபிக்கிறேன் என்று சொல்லி நழுவிவிடுகிறார்களே. ஜெபம் மட்டும் போதுமா?

போதாது. பசியோடு இருப்பவனிடம் "சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று சொல்லி அனுப்புவதால் என்ன பிரயோஜனம் என்று யாக்கோபு எப்போதோ கேட்டுவிட்டார். மாற்கு 2ஆம் அதிகாரத்தில் நாலு பேர் திமிர்வாதக்காரனைத் தூக்கி வருகிறார்கள். கூட்டம் வழிவிடவில்லை, கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். அந்த நாலு பேரும் ஒரு வார்த்தை ஜெபித்ததாக எழுதியில்லை. ஆனாலும் "அவர்கள் விசுவாசத்தை" இயேசு கண்டார் என்றிருக்கிறது.

2020 ஏப்ரலில் ஊர் அடைந்து கிடந்தபோது எங்கள் சபைத் தம்பிகள் சிலர் வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதியில் அறைக்குள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசியில் சேர்ந்து ஜெபிப்போம். நாலாம் நாள் ஒரு தம்பி கூச்சத்தோடு சொன்னார்: "அக்கா, ஜெபம் போதும். ஃபோனில் காசு தீர்ந்துவிட்டது, வீட்டில் பேசவேண்டும்." அன்று முதல் பெயர்ப் பட்டியலுக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி வரைந்தேன், யாருக்கு எப்போது டாப்-அப் செய்தோம் என்று. அந்த இரண்டாவது பத்தி இல்லாமல் இருந்திருந்தால் முதல் பத்தி வெறும் சிபாரிசாகவே இருந்திருக்கும்.

ஜெபம் வேலை செய்கிறதா என்று ஆராய்ச்சி செய்திருக்கிறார்களாமே? முடிவு என்ன?

செய்திருக்கிறார்கள். 1872இல் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேயர் ஒரு குறும்பான கணக்குப் போட்டார். அரச குடும்பத்தின் நீண்ட ஆயுளுக்காக எல்லா ஆலயங்களிலும் ஜெபிக்கிறார்களே, அவர்கள் மற்ற வசதியானவர்களைவிட அதிக நாள் வாழ்கிறார்களா? இல்லை என்று காட்டினார். பெரிய ஆய்வு 2006இல் அமெரிக்காவில் வெளியானது. இதய பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஜெபிக்கப்படுமோ படாதோ என்று தெரியாமல் ஜெபம் பெற்றவர்களில் 52 சதவீதம் பேருக்குச் சிக்கல் ஏற்பட்டது; அதேபோலத் தெரியாமல் ஜெபம் பெறாதவர்களில் 51 சதவீதம். உங்களுக்காக ஜெபிக்கிறோம் என்று உறுதியாகச் சொல்லப்பட்டவர்களில் 59 சதவீதம்.

இதைப் படித்துவிட்டு ஒரு வாரம் எனக்குச் சோர்வாக இருந்தது. மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்த ஆய்வில் ஜெபித்தவர்களிடம் கொடுக்கப்பட்டது நோயாளியின் முதற்பெயரும் குடும்பப் பெயரின் முதலெழுத்தும் மட்டும். அவர்கள் பார்த்திராத, பார்க்கப்போகாத ஆட்கள். மூன்றாவது கேள்வியில் சொன்ன "என் கணக்கிலே" என்ற பேச்சுக்கு அங்கே இடமே இல்லை. தவிர, மருந்தைப் போல அளவாகக் கொடுத்து அளந்து பார்க்கிற காரியமாக மோசேயும் ஆபிரகாமும் இதைச் செய்யவில்லை. ஆய்வு தவறு என்று நான் சொல்லவில்லை. அது அளந்தது வேறொன்று.

விடிய விடிய ஜெபித்தோம். உபவாசம் இருந்தோம். அவர் இறந்துவிட்டார். எங்கள் விசுவாசம் போதவில்லையா?

இல்லை. இதை யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், அவர் துக்க வீட்டில் பேசத் தகுதியில்லாதவர்.

அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரத்தை எடுங்கள். பேதுரு சிறையில். சபை ஊக்கமாக ஜெபிக்கிறது. தூதன் வந்து விடுவிக்கிறான். பேதுரு வந்து கதவைத் தட்டுகிறார். ரோதை என்ற வேலைக்காரப் பெண் குரலைக் கேட்டுச் சந்தோஷத்தில் கதவைத் திறக்காமலே உள்ளே ஓடுகிறாள். ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் அவளை நம்பவில்லை, நீ பிதற்றுகிறாய் என்கிறார்கள். அவர்களுடைய விசுவாசத்தின் அளவு அவ்வளவுதான், ஆனாலும் பேதுரு வாசலில் நிற்கிறார்! இதை எல்லாப் பிரசங்கத்திலும் கேட்டிருப்பீர்கள். அதே அதிகாரத்தின் இரண்டாம் வசனத்தில் யோவானின் சகோதரனாகிய யாக்கோபு பட்டயத்தால் கொல்லப்படுகிறார். ஒரே வசனம், தூதன் இல்லை. யாக்கோபுக்காக யாரும் ஜெபிக்காமலா இருந்திருப்பார்கள்? அவருடைய தாய் உயிரோடு இருந்திருந்தால் அன்றிரவு பேதுரு வந்த செய்தியைக் கேட்டு என்ன நினைத்திருப்பார்? வேதம் விளக்கம் தரவில்லை. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிவைத்துவிட்டு நகர்கிறது.

என் அண்ணனுக்காக எங்கள் வீட்டில் நாற்பது நாள் ஜெபித்தோம். நாற்பத்தோராம் நாள் அவரை அடக்கம் செய்தோம். அதற்குப் பிறகு பல மாதம் நான் குறிப்பேட்டைத் திறக்கவில்லை. அப்போது எங்கள் குழுவில் இருந்த ஈசூன் வட்டாரத்துப் பாட்டி ஒருவர் ஞாயிறுதோறும் வந்து, ஒன்றும் கேட்காமல், என் பையிலிருந்து அதை எடுத்துப் பெயர்களை வாசித்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டுப் போவார். அவருக்கு அப்போது எண்பது வயது தாண்டிவிட்டது, கண் சரியாகத் தெரியாது. தப்புத் தப்பாக வாசிப்பார். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் ஒரு பெயரைத் திருத்தினேன். மறுபடியும் தொடங்கியது அப்படித்தான்.

இறந்தவருக்காக ஜெபிக்கலாமா?

கத்தோலிக்கர் ஜெபிக்கிறார்கள், நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளில் அதற்கென்றே கூடுகிறார்கள். அவர்கள் வேதாகமத்தில் உள்ள இரண்டாம் மக்கபேயர் 12ஆம் அதிகாரத்தில் அதற்கு ஆதாரம் இருக்கிறது. எங்கள் வேதாகமத்தில் அந்த நூல் இல்லை, எங்களில் பெரும்பாலோர் ஜெபிப்பதில்லை. நன்றி சொல்கிறோம், குடும்பத்தாருக்காக ஜெபிக்கிறோம். அண்ணனின் நினைவு நாளில் நாத்தனார் பூசைக்குக் கொடுத்திருந்தார். நான் போய் உட்கார்ந்தேன்.

எத்தனை காலம் ஜெபிப்பது? நிறுத்தலாமா?

நடுராத்திரியில் அப்பம் கேட்டுத் தட்டிய சிநேகிதன், அநீதியுள்ள நீதிபதியை விடாமல் தொந்தரவு செய்த விதவை என்று இரண்டு கதைகளை இயேசு சொன்னார். சோர்ந்துபோகாமல் என்பதுதான் இரண்டின் சாரம். மறுபக்கம், இந்த ஜனத்துக்காக விண்ணப்பம் பண்ணாதே என்று எரேமியாவுக்குக் கடவுளே சொன்ன இடமும் உண்டு. எரேமியா முற்றிலும் நிறுத்தினாரா என்றால், அடுத்தடுத்த அதிகாரங்களைப் படித்தால் அப்படித் தெரியவில்லை. சாமுவேலோ, உங்களுக்காக விண்ணப்பம் பண்ணாதிருந்தால் நான் கர்த்தருக்கு விரோதமாகப் பாவம் செய்கிறவனாவேன் என்றார்.

களைத்துப் போனால் கொஞ்ச நாள் இன்னொருவரிடம் கொடுங்கள். அமலேக்கோடு யுத்தம் நடந்தபோது மோசேயின் கையே அசந்துபோனது. ஆரோனும் ஊர் என்பவரும் ஒரு கல்லைப் போட்டு அவரை உட்காரவைத்து, ஆளுக்கொரு கையைத் தாங்கிக்கொண்டார்கள்.

சிங்கப்பூருக்காக ஜெபிக்கச் சொல்கிறார்கள். நான் வேலை பெர்மிட்டில் வந்தவன், என் ஊர் இராமநாதபுரம். நான் ஏன்?

எரேமியா 29:7. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக விண்ணப்பம் பண்ணுங்கள், "அதின் சமாதானத்தில் உங்களுக்குச் சமாதானமிருக்கும்" என்கிறார். அவர்கள் விரும்பி வந்தவர்கள்கூட அல்ல. இராமநாதபுரத்துக்காகவும் ஜெபியுங்கள் தம்பி; அங்கே மழை பெய்ததா என்று ஒவ்வொரு வாரமும் கேட்கிறீர்கள், அதுவே பாதி ஜெபம்.

ஜெபிக்கிறேன் என்று சொல்லிவிட்டு மறந்துவிட்டேன். இப்போது அவர் எதிரில் வருகிறார். என்ன செய்வது?

எல்லாருக்கும் நடக்கிறது, எனக்கு மாதம் இரண்டு முறை. மறந்துவிட்டேன் என்று சொல்லிவிடுங்கள். பிறகு அங்கேயே, பஸ் நிறுத்தமானாலும் உணவங்காடியானாலும், ஒரு நிமிடம் நின்று அவருக்காக ஜெபித்துவிடுங்கள். கண்ணை மூடத் தேவையில்லை, பஸ்ஸைத் தவறவிட்டுவிடுவீர்கள். அடுத்த முறை "ஜெபிக்கிறேன்" என்று சொல்வதற்கு முன் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். பேனா இல்லையென்றால் என்னிடம் எப்போதும் இரண்டு இருக்கும்.